வரலாம்

அத்லோனில் அடுத்த வியாழன் பனி விழலாம்.
விழாமலும் போகலாம்.
ஐரோப்பாக்காரன் படத்தில் அயர்லாந்து முழுக்க ஊதா.
அமெரிக்காக்காரன் படத்தில் வெறும் மழை.
இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்,
புதுவயல் சாலை ஐஸ் கம்பெனியில்,
இரவு ஷிப்டில், கம்ப்ரசர் பக்கத்தில் நாற்காலி போட்டு.

குளிர் எனக்குத் தெரியாததில்லை.
பதினாலு வருஷமாய் அதுதான் என் சோறு.
பலகை மூடிக்குக் கீழே உப்புத் தண்ணீர்
பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே, உறையாமல் புரளும்.
அதில் இறங்கி நிற்கும் டின்களில் நல்ல தண்ணீர்
ஓரத்திலிருந்து உள்ளே, மெல்ல, கட்டியாகும்.
ஒரு பார் ஆக முப்பது மணி நேரம்,
கரண்ட் போகாதிருந்தால்.
அமோனியா வாடையில் கண் எரிய
கையில் சாக்கைச் சுற்றிக் கொக்கி போட்டு இழுப்பேன்.
இத்தனை செய்தால்தான் இங்கே
ஐம்பது கிலோ குளிர்.
அதுவும் விடியுமுன் ஜெகதாப்பட்டினத்து மீனுக்கடியில்
அரைபட்டுப் படுத்துவிடும்.

அங்கே மோட்டார் இல்லாமல், பில் இல்லாமல்
ஒரு நாடு முழுக்க விழலாமாம்.

காற்று கிழக்கே திரும்புகிறது என்கிறாள் சகாயம்.
கிழக்கிலிருந்து வந்தால் எனக்கு அது கொண்டல்,
கண்மாய் நிரம்பும்.
அவளுக்குக் கிழக்கென்றால் ருஷ்யா.
ஒரு துளி விழவில்லை, அதற்குள்
கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டதாம்.
முதியோர் இல்லத்தில் பட்டியல் போட்டுவிட்டார்கள்,
சாலை மூடினால் யார் யார் அங்கேயே தங்குவதென்று.
அவள் பெயர் முதலில்.
வீட்டில் காத்திருக்க ஆளில்லாதவர் முதலில் என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.
மாற்றுத் துணி, மாத்திரை, நான் அனுப்பிய பருப்புப் பொடி,
பை கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள்.

நேற்று ஒரு செய்தி: நாளை முழுக்க பணி.
தூக்கக் கலக்கத்தில் தட்டியவள்,
மூணு சுழியா, ரெண்டு சுழியா?
கேட்டேன்.
மூணு சுழி நிச்சயம்,
ரெண்டு சுழி வியாழக்கிழமை தெரியும் என்றாள்.

ஜெனிட்டாவுக்கு வர வேண்டும்.
அம்மா அவள் பெயரைப் பனியில் விரலால் எழுதி
போனில் காட்டுவதாக ஒப்பந்தம்.
எனக்கு வரக் கூடாது.
மாதா படத்துக்கு முன்னால் ஒரே மெழுகுவர்த்தி,
இரண்டு மனு.
நம்ம ஐஸும் அந்த ஐஸும் ஒண்ணாப்பா?
நம்மது காலில் விழுந்தால் விரல் போகும்,
அது மெத்துன்னு இருக்கும் என்றேன்,
தொட்டுப் பார்த்தவன் மாதிரி.

இன்னொரு படம் அனுப்பியிருந்தாள்.
ராத்திரியில் ஒரு லாரி, மஞ்சள் விளக்குச் சுழல
பின்பக்கம் உப்பை இறைத்துக்கொண்டு போகிறது.
ரோட்டில் ஐஸ் பிடிக்காமலிருக்க உப்பாம்.
நான் இங்கே உப்பைக் கொட்டித்தான்
ஐஸ் பிடிக்க வைக்கிறேன்.
எழுந்து போய் மூட்டையைப் பிரித்து
ஒரு கை அள்ளிப் பார்த்தேன்.
தூத்துக்குடி உப்பு.
அது யார் கட்சி என்று அதற்கே தெரியாது.

எனக்கும் பிள்ளைக்கும் விசாவுக்கு எழுதிப்போட்டு
ஏழு மாதம்.
அந்த நாட்டிலிருந்து எனக்கு வேண்டியது
ஒரே ஒரு சொல்.
வரலாம்.
அதைத்தான் தினமும் இந்தப் போனில் படிக்கிறேன்,
பத்து தடவை, இருபது தடவை.
குளிர் வரலாம். உறைபனி வரலாம்.
காற்று கூடவே வரலாம்.
கேட்காதவர்க்கெல்லாம் அனுமதி.

விடியற்காலை நாலு மணி. அங்கே பத்தரை.
அமெரிக்காக்காரனின் புதுப் படம் இறங்குகிறது,
மேலிருந்து கீழாக, துண்டு துண்டாக.
டப்ளின் ஓரம், ஒரு விரல் அகலம்,
அவனும் ஊதா பூசிவிட்டான்.

யாரிடம் சொல்ல?
பிள்ளை அக்கா வீட்டில் தூங்குகிறது.
சகாயம் ஷிப்டில் இருப்பாள்.
வெளியே மீன் வண்டி ஹாரன் அடிக்கிறது.
பதினேழாம் டின் ஆகியிருக்கும்.
ஈரக் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு
கொக்கியைத் தேடுகிறேன்.